வாகைக்குளமா, மதுரையா, திருவனந்தபுரமா? நெல்லைக்காரர் எங்கே விமானம் ஏறுவது

போன வாரம் அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, பதினெட்டாம் தேதி மெட்ராஸ்ல இன்டர்வியூ. தூத்துக்குடியில ஏறட்டுமா, மதுரைக்குப் போயிரட்டுமா? மதுரையில ஆயிரத்தைந்நூறு கம்மியா காட்டுது."

"இன்டர்வியூ எத்தனை மணிக்கு?" என்றேன்.

"அதுக்கும் ஏர்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான்.

அவனுக்கு அரை மணி நேரம் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிவைக்கிறேன். நெல்லை, பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது.

பாளையங்கோட்டையில் இருந்து பார்த்தால் மூன்று விமான நிலையங்கள். தூத்துக்குடி விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும் அது இருப்பது வாகைக்குளத்தில், நெல்லை–தூத்துக்குடி நாற்கரச் சாலையை ஒட்டி. நமக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மதுரையும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம், 150 கிலோமீட்டர் அளவில். வரைபடத்தில் இரண்டும் சமம். சாலையில் சமம் இல்லவே இல்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

வாகைக்குளத்தில் என்ன நடக்கும்

இந்த நிலையம் 1992 முதல் இருக்கிறது. நெடுங்காலம் அதன் ஓடுபாதை 1,350 மீட்டர்தான். அந்த நீளத்தில் இரு இறக்கையிலும் விசிறி சுழலும் சின்ன விமானங்கள் மட்டுமே இறங்க முடியும். இப்போது ஓடுபாதை 3,115 மீட்டர். சுமார் 450 கோடி ரூபாய் செலவில் விரிவாக்கம் நடந்து, 17,340 சதுர மீட்டரில் கட்டிய புதிய முனையத்தை 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்தார். ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வந்துபோகலாம் என்ற கணக்கில் கட்டியிருக்கிறார்கள். பழைய முனையத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணிக்கை கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். அங்கே விமானம் ஏறுகிறவர்களைவிட வழியனுப்ப வந்தவர்கள் அதிகம் என்று நானே பல முறை நினைத்திருக்கிறேன்.

கட்டடம் பெரிதானதில் சந்தோஷம்தான். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது நான் பார்ப்பது வேறு: நான் போகிற ஊருக்கு அன்றைக்கு எத்தனை விமானம், அது எந்த வகை விமானம். வாகைக்குளத்தில் இருந்து முக்கியமாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும்தான் போகலாம். டிக்கெட்டில் 'ஏடிஆர்' என்று போட்டிருந்தால் அது விசிறி விமானம். இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கை. அதில் முதல்முறை போகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

விமானத்துக்கு நடந்துதான் போக வேண்டியிருக்கும். ஏடிஆர் தரையோடு தாழ்ந்து நிற்கும், கதவு வால் பக்கம் இருக்கும், அந்தக் கதவிலேயே ஐந்தாறு படி. முனையத்திலிருந்து நேராக விமானக் கதவுக்குப் போகிற ஏரோபிரிட்ஜ் பாலம் எல்லாம் உயரமான ஜெட் விமானங்களுக்கு வைத்த கணக்கு. வெயிலில் தார்த்தரை அனலாக இருக்கும், மழை என்றால் குடை கொடுப்பார்கள். முட்டிவலி உள்ள என் அத்தைக்கு இது ஒரு வகையில் சௌகரியம். ஜெட்டுக்கு ஏணி வைத்தால் இருபது படிக்குக் குறையாது, இங்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். ஐந்து படிகூட முடியாது என்றால் சக்கர நாற்காலி வேண்டும் என்று 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள். வாசலில் போய் நின்று கேட்டால் சின்ன நிலையத்தில் கையிருப்பு எத்தனை இருக்கும் என்று சொல்ல முடியாது.

இருக்கை தேர்ந்தெடுக்கும்போது பின்வரிசையைப் பிடியுங்கள். ஜெட்டில் முன்னால் உட்கார்ந்தால் முதலில் இறங்கலாம், ஏடிஆரில் எல்லாம் தலைகீழ். கதவு பின்னால் இருப்பதால் பின்வரிசைக்காரர் முதலில் இறங்குவார். விசிறிச் சத்தமும் முன்பாதியில்தான் அதிகம். இறக்கை கூரைமேல் இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் தரை தெரியும். விமானம் ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறக்கும், 25,000 அடிக்கு மேல் அதற்கு ஏறவே முடியாது. அதனால் குளங்களும் உப்பளப் பாத்திகளும் நன்றாகத் தெரியும். மேகத்துக்குள் குலுக்கலும் அதிகம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியே வருகிற காற்றை நம்பித்தானே முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் அத்தனை காற்றாலைகளை நட்டுவைத்திருக்கிறார்கள். ஆடி மாதத்தில் இங்கே விமானமும் ஆடும். பயப்பட ஒன்றுமில்லை, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

தலைக்கு மேல் இருக்கிற பெட்டிவைப்பு சின்னது. சக்கரம் வைத்த கேபின் பெட்டி பல நேரம் உள்ளே போகாது. படிக்கட்டருகிலேயே வாங்கி, டேக் கட்டி, அடியில் போட்டுவிடுவார்கள். ஆகவே மாத்திரை, லேப்டாப், நகை, சான்றிதழ் எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். பெட்டியைக் கொடுத்த பிறகு விமானத்தின் பக்கத்தில் தரையில் குந்தியிருந்து அதைத் திறந்து துழாவுகிற காட்சியை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

அல்வா கொண்டுபோகலாம். ஸ்கேனரில் கட்டியாகத் தெரிந்தால் பையைத் திறக்கச் சொல்வார்கள், திறந்து காட்டுங்கள், அவ்வளவுதான். கொப்பரைத் தேங்காய் மட்டும் வேண்டாம். எண்ணெய்ப் பசையால் தீப்பற்றக்கூடிய பொருள் என்று தடுத்துவிடுவார்கள்.

நேரம்தான் வாகைக்குளத்தின் பெரிய சொத்து. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம், வல்லநாட்டுப் பாலத்தில் வேலை நடந்து ஒற்றை வழியாக விட்டிருந்தால் இன்னும் பத்து நிமிடம். உள்ளே நுழைந்து, பெட்டி போட்டு, சோதனை முடிந்து உட்கார இருபது நிமிடம்கூட ஆகாது. இந்த வேகத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. வரிசை சின்னது என்பதற்காகக் கவுன்டரை யாரும் கூடுதல் நேரம் திறந்துவைக்க மாட்டார்கள். உள்நாட்டு விமானத்துக்குப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு கவுன்டரை மூடுகிறது இண்டிகோ. சென்னையிலும் அதேதான், வாகைக்குளத்திலும் அதேதான். அதோடு இங்கே கவுன்டரில் போர்டிங் பாஸ் கொடுத்தவரே கொஞ்ச நேரத்தில் கேட்டில் நின்று அதைக் கிழித்துக்கொண்டிருப்பார். மூடிய பிறகு வந்தால் கெஞ்சுவதற்குக்கூட ஆள் இருக்க மாட்டார். ஒன்றரை மணி நேரம் முன்பே போய் நின்றுவிடுங்கள். வீட்டில் இட்லி கட்டிக்கொண்டு போவதும் நல்லது.

விமானம் வராத நாள்

இதுவரை சொன்னது எல்லாம் நல்ல நாள் கணக்கு. சின்ன நிலையத்தின் மறுபக்கம் தெரிவது விமானம் வராத அன்றைக்கு.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஐப்பசி சாயங்காலம். சென்னையில் இருந்து வந்த விமானம் எங்கள் தலைக்கு மேல் வட்டமடிக்கிற சத்தம் கேட்டது. மழை கொட்டுகிறது. ஒரு வட்டம், இரண்டு வட்டம், அப்புறம் சத்தம் தேய்ந்து போய்விட்டது. இறங்க முடியாமல் திரும்பிவிட்டது என்று அறிவித்தார்கள். யார்மீதும் குற்றமில்லை. ஆனால் நாங்கள் ஏற வேண்டிய விமானமே அதுதான். வேறு விமானம் நிறுத்திவைத்திருக்கவில்லை, அன்றைக்கு அதற்குப் பிறகு சென்னைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் காலை விமானத்தில் எட்டு இடம் இருந்தது, நாங்கள் அறுபது பேருக்கு மேல். முன்பின் தெரியாத நாலு பேர் ஒரு டாக்ஸி பிடித்து நெல்லை புதிய பேருந்து நிலையம் போய், ஆம்னி பஸ்ஸில் கிடைத்த கடைசி இருக்கைகளில் சென்னை போய்ச் சேர்ந்தோம். அந்த நாலு பேரில் ஒருவருக்குக் காலை ஒன்பது மணிக்கு நீதிமன்றம். அவர் வழிநெடுக வாட்சையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இதே மழை மதுரையில் பெய்திருந்தால்? ஒரு விமானம் போனாலும் பின்னால் வேறொன்று இருந்திருக்கும். அங்கேயும் எல்லோருக்கும் இடம் கிடைத்திருக்காது, ஆனால் கேட்டுப் பார்க்க ஒரு விமானமாவது இருந்திருக்கும்.

உரிமைகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இந்திய விதிப்படி, இரண்டரை மணி நேரத்துக்குள் பறக்கிற விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் விமான நிறுவனம் சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், எது வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டஈடு என்று தனியாக ஒன்று உண்டு, ஆனால் காரணம் வானிலை என்றால் அது கிடையாது. நம் பக்கத்தில் வருகிற சிக்கலில் பாதி வானிலைதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அப்போது ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுவிட்டது. அந்த அளவுக்குப் போக வேண்டாம், ஒரு சாதாரண வடகிழக்குப் பருவமழை நாளே போதும்.

மதுரை

மதுரைக்குப் போவது நீளம், ஆனால் சுலபம். கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் என்று நேராக நாற்கரச் சாலை. சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் என்று மூன்று சுங்கச்சாவடி. கப்பலூர் தாண்டியதும் சுற்றுச்சாலையைப் பிடித்தால் மதுரை ஊருக்குள் நுழையாமலே பெருங்குடிப் பக்கம் இருக்கும் நிலையத்துக்குப் போய்விடலாம். இரண்டரை மணி நேரம். டாக்ஸி என்றால் சுங்கத்தோடு மூவாயிரத்தைத் தொடும். வாகைக்குளத்துக்கு ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

அண்ணன் மகன் கண்ட ஆயிரத்தைந்நூறு இங்கேயே காணாமல் போயிற்று. பஸ்ஸில் போனால் மிச்சம்தான், ஆனால் பஸ் மாட்டுத்தாவணியில் விடும், அங்கிருந்து ஊரின் மறுகோடிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். திருமங்கலத்திலேயே இறங்கி ஆட்டோ பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். தனி ஆளாக ஒரு தோள்பையோடு போனால் அது கெட்டிக்காரத்தனம். மூன்று பெட்டி, ஒரு கைக்குழந்தை என்றால் டாக்ஸிதான்.

அப்படியானால் மதுரைக்கு ஏன் போக வேண்டும்? மூன்று காரணம் சொல்வேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஒரு நாளில் பல விமானங்கள் இருப்பது முதலாவது, மற்ற இரண்டையும்விடப் பெரியது. அடுத்து, ஹைதராபாத், மும்பை போன்ற ஊர்களுக்கு மாறாமல் போகலாம். அப்புறம் கொழும்பு, துபாய். ஆனால் வெளிநாட்டு விமானம் என்று மதுரையை ரொம்பவும் நம்ப வேண்டாம். நாடுகளுக்கு இடையே போட்டிருக்கிற விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்களில் பலவற்றில் மதுரையின் பெயர் இல்லை. அதனால் வளைகுடா, சிங்கப்பூர் விமான நிறுவனங்கள் நினைத்தாலும் அங்கே வந்து இறங்க முடியாது, இந்திய நிறுவனம் பறந்தால்தான் உண்டு. மதுரைக்காரர்கள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கிறார்கள்.

திருவனந்தபுரம்

வளைகுடாவில் வேலைபார்க்கிற தம்பி, மச்சான் இருக்கிற வீடுகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. துபாய், ஷார்ஜா, மஸ்கட், தோஹா என்று நேரடி விமானங்கள் அங்கேதான். 1932-இல் தொடங்கிய பழைய நிலையம். நாகர்கோவில்காரர்களுக்கு அது உள்ளூர் மாதிரி, எழுபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். நெல்லைக்காரர்களுக்குத்தான் கஷ்டம். நாகர்கோவில் வரை காரில் வேகமாகப் போய்விடலாம். அதன்பிறகு மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊருக்கு ஊர் ஒட்டிக்கொண்டு குறுகிய சாலை. 150 கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம் வையுங்கள், முகூர்த்த நாள் என்றால் ஐந்து. ரயிலில் போய்த் திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடிப்பது எனக்குப் பிடித்த வழி, நிலையம் அங்கிருந்து கிட்டத்தில்தான்.

அங்கே இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஓடுபாதையின் ஒரு கரையில் சங்குமுகம் பக்கம் ஒரு முனையம், மறுகரையில் சாக்கைப் பக்கம் இன்னொன்று. தவறான பக்கம் இறங்கினால் நடந்து கடக்க முடியாது, ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். டிக்கெட்டில் முனைய எண்ணைப் பார்த்துவிட்டு ஆட்டோக்காரரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு. சாமி சங்குமுகம் கடற்கரைக்குத் தீர்த்தமாடப் போகிற வழி ஓடுபாதையைக் குறுக்கே கடக்கிறது. அன்றைக்குச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிட்டு ஊர்வலத்துக்கு வழி விடுகிறார்கள். நிலையம் வருவதற்கு முன்பே இருந்த பாதை, விமானம்தான் காத்திருக்க வேண்டும். நேரத்தை முன்கூட்டியே மாற்றி அறிவித்துவிடுவார்கள் என்பதால் பயமில்லை, டிக்கெட் எடுத்த பிறகு வருகிற குறுஞ்செய்தியைப் படிக்காமல் விடாதீர்கள்.

உள்நாட்டுப் பயணத்துக்கு நெல்லையிலிருந்து திருவனந்தபுரம் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே பயணிகளிடம் வாங்குகிற மேம்பாட்டுக் கட்டணம் 2024 ஜூலையில் 506 ரூபாயிலிருந்து 770 ஆனது. டிக்கெட் விலையிலேயே அது சேர்ந்து வந்துவிடுவதால் பலர் கவனிப்பதில்லை.

ரயிலையும் மறக்க வேண்டாம்

சென்னைக்கு மட்டும் போவதானால், உண்மையைச் சொல்கிறேன், நான் பாதி முறை விமானமே ஏறுவதில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி படுத்தால் காலையில் எழும்பூர். 2023 செப்டம்பர் 24 முதல் வந்தே பாரத் ஓடுகிறது, காலையில் ஏறினால் எட்டு மணி நேரத்தில் சென்னை. மறுநாள் காலை பத்து மணிக்கு முக்கியமான வேலை என்றால் முந்தின இரவு ரயில்தான் நிம்மதி. ஆனால் திடீரென்று முடிவான பயணத்துக்கு ரயிலில் இடம் கிடைக்காது. விமானத்தைப் பற்றிய பேச்சே அங்கேதான் தொடங்குகிறது.

எப்படி முடிவெடுப்பது

நான் வைத்திருக்கிற கணக்கு இது: போகிற பயணத்தையும் வருகிற பயணத்தையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். உள்நாட்டு விமானங்களில் போகவர ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெரிதாகக் குறைவதில்லை, ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி விலைதான். அதனால் போகும்போது ஓரிடத்தில் ஏறி, வரும்போது வேறிடத்தில் இறங்கலாம்.

போகும்போது எதிர்முனையில் ஏதோ ஒன்று காத்திருக்கிறது. இன்டர்வியூ, நீதிமன்றம், ஆபரேஷன், கல்யாண முகூர்த்தம், இல்லாவிட்டால் அடுத்த விமானம். அது நமக்காக நிற்காது என்றால், மழைக்காலத்தில் கூடுதலாக இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்து மதுரை போவது வீண் இல்லை. வரும்போது காத்திருப்பது வீடு. விமானம் நாலு மணி நேரம் தாமதமானால் தூக்கம் கெடும், அவ்வளவுதான் நஷ்டம். அந்த நேரத்தில் மதுரையில் இறங்கி இரண்டரை மணி நேரம் பயணம் செய்வதைவிட, வாகைக்குளத்தில் இறங்கி முக்கால் மணி நேரத்தில் வீட்டு வாசல். சொந்தக் காரை மதுரையில் நிறுத்திவிட்டுப் போனவர்களுக்கு இந்த யோசனை உதவாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தை முதல் வைகாசி வரை வானம் தெளிவாக இருக்கிற மாதங்களில் நானே போகும்போதும் வாகைக்குளத்தைத்தான் எடுப்பேன். வயதானவர்கள் கூட வந்தாலும் அதுவே. அவர்களுக்குக் காரில் இரண்டரை மணி நேரம் காலை மடக்கி உட்காருவது விமானப் பயணத்தைவிடப் பெரிய சிரமம்.

சென்னையில் மாறி டெல்லியோ வெளிநாடோ போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வாகைக்குளம் முதல் கடைசி ஊர் வரை ஒரே பதிவெண்ணில் (பிஎன்ஆர்) டிக்கெட் எடுங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போது நிறுவனத்தின் தலையில். விலை குறைவு என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் சென்னையில் தவறவிட்டதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சிங்கப்பூர் விமானத்துக்கு இரண்டு மணி நேர இடைவெளியில் தனி டிக்கெட் எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அன்றிரவு திரிசூலத்தில் லாட்ஜில் தங்கினார், புது டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை இன்றும் வாய்விட்டுச் சொல்ல மறுக்கிறார்.

அண்ணன் மகனிடம் மறுபடி கேட்டேன், இன்டர்வியூ எத்தனை மணிக்கு என்று. காலை பதினொன்றரை. மாதம் கார்த்திகை. முந்தின நாள் மதியமே மதுரையில் ஏறச் சொன்னேன். வருகிற டிக்கெட் தூத்துக்குடிக்கு. அன்று ராத்திரி அவனே திரும்பவும் போன் செய்தான். "சித்தப்பா, மதுரை டிக்கெட் எடுத்தாச்சு. ஆனா வரும்போது வாகைக்குளத்துக்கு நீங்கதான் வண்டி எடுத்துட்டு வரணும்."

முக்கால் மணி நேரம்தானே, வருகிறேன் என்றேன்.